மிசோ வஞ்சிரம்: உப்புக் கணக்கும் தோசைக்கல்லும்

மிசோவில் (சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் உப்பு விழுது) மீனை இரண்டு மூன்று நாள் ஊறவைக்கச் சொல்லும் ஜப்பானியக் குறிப்பை அப்படியே கடைப்பிடித்தால், வஞ்சிரம் பாதி கருவாடாகிவிடும். அது கியோட்டோவின் சைக்கியோ மிசோவுக்கான கணக்கு. அதில் அரிசிக் கோஜி (பூஞ்சை ஏற்றிய அரிசி) அதிகம், அதனால் இனிப்பு. உப்பு சுமார் 5 சதவீதம்தான். நமக்கு ஆன்லைனில் கிடைக்கும் சாதாரண மிசோவில் பெரும்பாலும் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும். டப்பாவின் பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருப்பார்கள். அதை 2.5ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள். 4,800 என்றிருந்தால் உப்பு 12 கிராம். ஊறும் நேரத்தை முடிவு செய்வது இந்த எண்தான்.

கியோட்டோவில் இதற்குப் பேர்போனது சவாரா மீன். நம் வஞ்சிரத்துக்கு அது பங்காளி முறை, அதனால் மீனுக்கு அலைய வேண்டாம். கொடுவாவும் நன்றாக வரும். மத்தி வேண்டாம், மெல்லிய சதை, உப்பை ஒரேயடியாகக் குடித்துவிடும். மீன் வாங்கப் பாண்டிச்சேரி தேங்காய்த்திட்டிலோ கடலூர் முதுநகரிலோ "வறுவலுக்கு" என்று சொன்னால் மெல்லிசாகத்தான் வெட்டித் தருவார்கள். "அக்கா, முக்கால் இஞ்ச் கனமா போடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அப்போது வரும் ஐஸ் மீனைக் கூடுதல் கவனத்தோடு பார்த்து வாங்க வேண்டும். வஞ்சிரம், கானாங்கத்தை வகை மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஒவ்வாமை போல உடம்பைப் படுத்தும் ஹிஸ்டமின் சேரும். மிசோவும் அதைப் போக்காது, நெருப்பும் போக்காது.

அரை கிலோ துண்டுகளுக்கு 5 கிராம் தூள் உப்பு தடவி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே முத்து முத்தாக நீர் கோக்கும். கவிச்சி வாடை அதில்தான் இருக்கிறது. நன்றாக ஒற்றி எடுங்கள். இதை விட்டால் அந்த நீர் மிசோவில் இறங்கி, எல்லாம் நீர்த்துப்போகும்.

வெள்ளை மிசோ 150 கிராம், சர்க்கரை 40 கிராம், மிரின் (இனிப்பான ஜப்பானிய அரிசி ஒயின்) 3 டேபிள்ஸ்பூன். மிரின் இல்லையென்றால் இனிப்பில்லாத வெள்ளை ஒயின் 3 டேபிள்ஸ்பூன், கூடவே ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை (பாண்டிச்சேரியில் ஒயினுக்கா பஞ்சம்!). எலுமிச்சையோ வினிகரோ சேர்க்காதீர்கள். புளிப்பு பட்டால் சதை வெளுத்து, உதிர ஆரம்பிக்கும். கலவை இட்லி மாவைவிடக் கெட்டியாக இருக்கட்டும். கொதிநீரில் அலசிக் காயவைத்த பழைய வேட்டித் துணியில் மீனைச் சுற்றி, மேலும் கீழும் மிசோ அப்புங்கள். சாதாரண மிசோவில் 12 முதல் 18 மணி நேரம், சைக்கியோவில் இரண்டு நாள். முழுக்க ஃபிரிட்ஜிலேயே இருக்க வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது அடுப்பில். மிசோவில் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்திருப்பதால் மீன் வேகும் முன்பே மேல்பக்கம் கருகும். துணி சுற்றியிருந்தால் மிசோ ஒட்டாது. ஒட்டியிருந்தால் வழித்துத் துடைத்துவிடுங்கள், கழுவ வேண்டாம். தோசைக்கல்லில் பேக்கிங் பேப்பரைக் கல்லுக்கு வெளியே நீட்டாமல் வெட்டிப் போட்டு, சில சொட்டு எண்ணெய் விட்டு, சிம்மில் வையுங்கள். மசாலா மீன் மாதிரி சடசடக்கக் கூடாது. காதைக் கொடுத்தால்தான் கேட்கும் சத்தம் போதும். நான்கு நிமிடம் கழித்துத் திருப்பி, மூடி போட்டு மூன்று நிமிடம். நடுமுள் ஓரத்தில் கத்தி முனையை விட்டுப் பாருங்கள். சதை முள்ளை விட்டுவிட்டால் வெந்துவிட்டது. கண்ணாடி போல மின்னினால் இன்னொரு நிமிடம். பொன்னிறம், ஓரத்தில் மட்டும் ஒன்றிரண்டு கறுப்புப் புள்ளி, அதுதான் பதம். ஓடிஜி (மின் அடுப்புப் பெட்டி, ஓவன்) என்றால் 200 டிகிரி, பத்து நிமிடம்.

மீன் ஊறிய மிசோவை மறுபடி மீனுக்குப் பயன்படுத்த வேண்டாம். கத்தரிக்காயை நீளவாக்கில் வெட்டி எண்ணெயில் முக்கால் வேக்காடு வதக்கி, இந்த மிசோவில் இரண்டு ஸ்பூனும் கால் டம்ளர் தண்ணீரும் விட்டு, தளதளவெனக் கொதித்துச் சுண்டும்வரை கிளறுங்கள். உப்பு போட வேண்டாம்.