பெரியம்மை சமயத்தில் ஒரு மாட்டை விற்க நான் பட்ட பாடு

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்போம், சுழி பார்ப்போம், மடியைத் தடவிப் பார்ப்போம். காதில் தொங்குகிற, பதிவு எண் போட்ட மஞ்சள் வில்லை யார் பெயரில் இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அதற்காக 2022 கடைசியில் நான் அலைந்த அலைச்சலை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எங்களுக்குக் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர். கட்டுத்தறியில் நான்கு கறவை, ஒரு கன்று. பால் பணத்தில்தான் குடும்பம் நடக்கிறது. அந்த வருஷம் ஆடி, ஆவணியிலேயே குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மாடுகள் செத்துக் கிடக்கிற படங்கள் செல்போனில் வர ஆரம்பித்துவிட்டன. மாட்டுக்கு வருகிற இந்த நோயைக் கால்நடை மருந்தகத்தில் தோல் கழலை நோய் என்று எழுதுகிறார்கள், எங்கள் பக்கம் பெரியம்மை என்போம். 2019இல் ஒடிசாவில் முதலில் தலைகாட்டியதாம்.

புரட்டாசியில் ஊருக்குள் தடுப்பூசி முகாம் போட்டார்கள். ஆட்டம்மைக்குப் போடுகிற ஊசியைத்தான் மாட்டுக்கும் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் டீக்கடையில் அதே பேச்சு. "ஆட்டு ஊசிய மாட்டுக்குப் போட்டா பால் நின்னு போயிருமாமா." ஆட்டம்மையும் இதுவும் ஒரே குடும்பத்து வைரஸ், அதனால்தான் இந்த ஊசி கேட்கிறது என்று டாக்டர் தொண்டை வற்றச் சொன்னார். நான் மூன்று மாட்டைப் பிடித்துக் கொடுத்தேன். செவலை என்கிற மாட்டை மட்டும் ஓட்டிப்போகவில்லை. கன்று போட்டு இரண்டு மாதம், வேளைக்கு ஏழு லிட்டர் கறந்துகொண்டிருந்தாள். பால் குறைந்துவிடுமோ என்று பயந்தேன். தப்பு என்னுடையதுதான்.

ஐப்பசியில் ஒரு நாள் விடிகாலை கறக்கப் போனால் செவலை தண்ணீர்த் தொட்டிப் பக்கமே திரும்பவில்லை. மயிர் சிலிர்த்து நிற்கிறது. கண்ணிலும் மூக்கிலும் நீர். கழுத்தைத் தடவினேன், தோலுக்கடியில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று உருண்டது. அடுத்த விரலுக்கு இன்னொன்று. வெளிச்சம் வந்து பார்க்கிறேன், கழுத்திலிருந்து தொடை வரைக்கும், மடியில்கூடக் கட்டிகள்.

டாக்டர் அன்றைக்கே வந்து காய்ச்சலுக்கும் வலிக்கும் ஊசி போட்டார். வைரஸுக்கென்று தனி மருந்து இல்லை, புண்ணில் சீழ் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கொசுவும் ஈயும் உண்ணியும் அண்டக் கூடாது என்றார். செவலையைத் தென்னந்தோப்பு ஓரம் தனியாகக் கட்டினோம். சாயங்காலமானால் நொச்சியும் வேப்பிலையும் போட்டுப் புகை. வெற்றிலை பத்து, மிளகு பத்து கிராம், கல்லுப்பு பத்து கிராம் அரைத்து வெல்லம் சேர்த்து நாக்கில் தடவுவது, முதல் நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, பிறகு நாளைக்கு மூன்று வேளை. மேலுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். கால்நடைப் பல்கலைக்கழகம் சொன்ன முறைதான் இது. டாக்டர் வைத்தியத்தோடு சேர்த்துச் செய்யுங்கள், இது மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கட்டி உடைந்து புழு வைத்த இடத்துக்குச் சீத்தா இலையை அரைத்து அப்பினேன், கேட்டது.

செவலை பிழைத்துவிட்டாள். கன்று பிழைக்கவில்லை. மடியெல்லாம் புண்ணாக இருந்ததால் தாய் ஊட்டவிடவில்லை, புட்டியில் பால் கொடுத்தும் பதினோராம் நாள் போய்விட்டது. வாய்க்காலில் விட்டுவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம்.

இதற்குள் வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாகப் பாலை நிறுத்திவிட்டன. இந்த நோய் மனுஷருக்கு வராது, நல்ல மாட்டின் பாலைத்தான் தருகிறேன், காய்ச்சிக் குடித்தால் ஒன்றுமில்லை என்று வாசல் வாசலாகச் சொன்னேன். மூன்று வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், மற்றவர்கள் கதவுக்குள்ளிருந்தே வேண்டாம் என்றார்கள்.

மகனுக்குப் பாலிடெக்னிக் கட்டணம் கட்ட வேண்டும். ஊசி போட்ட மூன்றில் ஒன்றான கருப்பியை விற்பது என்று முன்னமே முடிவு செய்திருந்தோம், 42,000க்குக் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் நோய்க்குப் பயந்து சந்தையை மூடிவிட்டார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டக் கூடாது. எங்கள் கட்டுத்தறியிலேயே நோய் வந்ததால், கடைசிக் கட்டி ஆறி 28 நாள் போகட்டும், அதற்கு முன்னால் எந்த மாடும் வெளியே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வைரஸ் உள்ளே போய் நோய் வெளியே தெரிய அத்தனை நாள்கூட ஆகுமாம். அதில் எனக்குக் குறையே இல்லை. என் மாட்டோடு போய் இன்னொருத்தர் தொழுவத்தில் நோயை விட எனக்கும் மனசு வராது.

28 நாள் முடிந்தது. திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் 36,000க்குக் கேட்டார், ஒத்துக்கொண்டேன். டாக்டர் கையெழுத்துப் போட்ட உடல்நலச் சான்றும், ஊசி போட்ட விவரமும் வேண்டும். ஒரு மணி நேர வேலை என்றுதான் மருந்தகத்துக்குக் கிளம்பினேன்.

முதல் தடவை டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். இரண்டாம் தடவை அங்கிருந்த ஊழியர் வில்லையின் 12 இலக்கத்தைக் கணினியில் தட்டிவிட்டு, "இந்த மாடு உங்க பேர்ல இல்லீங்களே. பக்கத்து மாவட்டத்துல ஒருத்தர் பேர்ல இருக்குதுங்க" என்றார். புரட்டாசியில் போட்ட ஊசியும் பதிவில் இல்லை. நெரிசலில் நோட்டில் எழுதியதைப் பிறகு ஏற்றும்போது, என் பெயரும் வில்லை எண்ணும் ஒத்துப்போகாததால் ஒதுக்கி வைத்துவிட்டார்களாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விஷயம் இதுதான். கருப்பியை 2021இல் சந்தையில் ஒரு தரகரிடம் வாங்கினேன். அதற்கு முன்னாலேயே, கோமாரி ஊசி போடும்போது பழைய சொந்தக்காரர் ஊரில் வில்லை குத்தியிருக்கிறார்கள். தரகர் பெயரை மாற்றவில்லை. எனக்கும் தெரியாது.

"அந்த ஊர் ஆஸ்பத்திரியில போயி மாத்திட்டு வாங்க, இங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க." ஊழியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பதிவில் இருந்த ஆள் பெயரையும் ஊரையும் மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலைக் கறவையை நாலரைக்கே முடித்துவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். பூட்டிக் கிடந்தது. அங்கேயும் பெரியம்மை முகாம், சாயங்காலம்வரை ஆள் வராது என்றார்கள். திண்ணையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மூன்று மணிக்குப் பஸ்ஸைப் பிடித்தால்தான் வீட்டில் மாடு கறக்க முடியும்.

அந்த நாள் வீணாகாமல் போனது ஒரு பெரியவரால். மருந்தகத்துக்கு எதிரே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் சீட்டைக் காட்டினேன், அவரே அந்தப் பழைய சொந்தக்காரர் வீட்டுக்கு வழிகாட்டினார். அந்தச் சொந்தக்காரர் தன் மகள் கல்யாணத்துக்காகக் கருப்பியை விற்றவர். மோர் கொடுத்து உட்கார வைத்து, முதலில் அவர் கேட்டது மாடு நோய் தப்பிச்சுதா என்று. அப்புறம், "இடது பக்கம் உக்காந்தா உதைக்குமே அம்மிணி, இப்பவும் அப்படித்தானா?" செல்போன் எண்ணும், மாட்டை விற்றுவிட்டேன் என்று ஒரு கடிதமும் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் டாக்டர் இருக்கிற நேரம் பார்த்துப் போனேன். கடிதத்தைப் படித்தார், பழைய சொந்தக்காரரிடம் போனில் பேசினார், அங்கேயே உட்கார்ந்து பெயரை மாற்றினார். முகாம் நோட்டைத் தேடி எடுத்து ஊசித் தேதியையும் ஏற்றினார். பத்து நிமிஷம். "இதுக்கு எதுக்குங்க்கா அவ்வளவு தூரம் போனீங்க? இங்கயே பண்ணலாமே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மூன்று தடவை பஸ் செலவு, ஒரு நாள் கூலி, ஒரு வேளைப் பால் போனதை யாரிடம் கேட்பது? ஊழியர் முடியாது என்றால் அதோடு திரும்பாதீர்கள், டாக்டரையே பார்த்துக் கேளுங்கள். முகாமில் ஊசி போட்டால் பதிவில் ஏறிவிட்டதா என்று ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். வாங்கிய மாட்டை அந்த வாரமே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டாக்டர் சாயங்காலம் வீட்டுக்கே வந்து, கருப்பியின் காய்ச்சல் பார்த்து, தோலைத் தடவிப் பார்த்துச் சான்று எழுதினார். மறுநாள் குட்டியானை வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றினோம். வழியில் சோதனைச் சாவடியில் நிறுத்தி, வில்லை எண்ணையும் சான்றையும் ஒத்துப் பார்த்தார்களாம். பின்னால் சான்று இல்லாமல் வந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்தக் காகிதத்தை நான் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருந்தேன்.

ராத்திரி எட்டு மணிக்கு வாங்கினவர் போன் பண்ணினார். "அக்கா, கிட்டவே விட மாட்டேங்குதுங்க, ரெண்டு தடவ உதைச்சிருச்சு."

எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன்.