ஒயர் வேலையிலிருந்து துணை முதல்வர் வரை

மே 27, 2021, பிரிஸ்பேன்

சர் லூ எட்வர்ட்ஸ் நேற்று காலமாகிவிட்டார், 85 வயது. சேதி கேட்டதிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத் துணை முதல்வராக இருந்தவர்தான், ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதற்கு முந்தைய கதைக்காக. பிரிஸ்பேன் பக்கத்து ஊரான இப்ஸ்விச்சில் குடும்பத்துக்கு மின்சாரத் தொழில். அதில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்துவிட்டு, அப்புறம்தான் மருத்துவம் படிக்கப் போனார். 1965-இல் பட்டம் வாங்கி, சொந்த ஊரிலேயே வைத்தியம். நிலக்கரிச் சுரங்கமும் ரயில் பட்டறையுமாக இருந்த தொழிலாளர் ஊரில், 1972 சட்டமன்றத் தேர்தலில் இவரைப் போல வலதுசாரி லிபரல் கட்சிக்காரர் ஒருவர் ஜெயிப்பது லேசுப்பட்ட காரியமா? டாக்டரை நம்பித்தான் பாதிப் பேர் ஓட்டுப் போட்டிருப்பார்கள்.

மே 28

1974-இல் சுகாதார அமைச்சர், 1978-இல் கட்சித் தலைவர், நிதியமைச்சர், துணை முதல்வர். முதல்வரோ கூட்டணிக் கட்சியான நேஷனல் கட்சியின் ஜோ பியெல்கே-பீட்டர்சன், யாருக்கும் வளைந்து கொடுக்காத ஆள்.

1983 ஆகஸ்டில், அரசின் செலவுக் கணக்கைப் பார்க்க ஒரு சட்டமன்றக் குழு வேண்டும் என்ற பிரச்சினையில், லிபரல் அமைச்சர் டெர்ரி வைட் அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டார். கூட்டணியைக் காப்பாற்ற நினைத்து எட்வர்ட்ஸ் அவரைப் பதவி விலகச் சொன்னார். கட்சியோ எட்வர்ட்ஸையே இறக்கிவிட்டு வைட்டைத் தலைவராக்கியது. வைட்டைத் துணை முதல்வராக்க ஜோ மறுத்தார், கூட்டணி முறிந்தது. அக்டோபர் தேர்தலில் லிபரல்களுக்கு மிஞ்சியது 8 இடம். எட்வர்ட்ஸ் அதில் நிற்கவேயில்லை.

எனக்குப் பிடித்தவர் என்பதற்காக மறைக்க மாட்டேன், குழு கேட்டவர்கள் பக்கம்தான் நியாயம். அது அப்போதே வந்திருந்தால், 1987-இல் தொடங்கிய ஃபிட்ஸ்ஜெரால்ட் விசாரணையில் அம்பலமான குயின்ஸ்லாந்து போலீஸ், அரசியல் ஊழலில் கொஞ்சமாவது முன்பே பிடிபட்டிருக்கும்.

மே 30, ஞாயிறு

காலையில் பிரிஸ்பேனின் சவுத் பேங்க் பூங்காவுக்குப் போனேன். ஆற்றங்கரையில் நேபாளப் பகோடா, மூன்றடுக்குக் கூரை, தூண் முழுக்க மரச் செதுக்கல். விரலை வைத்தால் தெய்வங்களின் கைவிரல்கூடத் தனித்தனியாகத் தட்டுப்படுகிறது. இங்கே நடந்த உலகக் கண்காட்சியான எக்ஸ்போ 88 முடிந்தபின் இங்கேயே நின்றுவிட்டது இது. அந்தக் கண்காட்சியை நடத்திய அமைப்புக்குத் தலைவர், அரசியலை விட்டு வந்த எட்வர்ட்ஸ்தான். 1988 ஏப்ரல் 30 முதல் அக்டோபர் 30 வரை, ஆறே மாதத்தில் 1.8 கோடி நுழைவு! முடிந்ததும் நிலம் வணிகக் கட்டடங்களுக்குப் போக இருந்தது, மக்கள் விடவில்லை, 1992-இல் பூங்காவாகத் திறந்தார்கள்.

பகோடா படியில் ஒரு பெரியவர் பேரனுக்கு ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எக்ஸ்போவுக்கு வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "சீசன் டிக்கெட்டே வைத்திருந்தேன்" என்றார், கயிற்றைப் பாதியில் விட்டுவிட்டு.