மாமனாரால் கெட்டு மருமகளால் பிழைத்த வீடு

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் போகிறவர்கள், 15ஆம் நூற்றாண்டில் அந்த ஊரையே கையில் வைத்திருந்த மெடிச்சி குடும்பத்தைத் தேடி நேராக அவர்களுடைய மாளிகைக்கும் உஃபிசி ஓவியக்கூடத்துக்கும் போய்விடுகிறார்கள். அந்தக் குடும்பத்தின் பலம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் அவர்களுடைய சம்பந்தியான ருச்செலாய் வீட்டைப் பாருங்கள் என்பேன்.

ரயில் நிலையத்துக்கு எதிரே தெரிவது சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் பின்பக்கம். சுற்றிக்கொண்டு சதுக்கத்துக்கு வந்தால் வெள்ளையும் பச்சையுமான பளிங்கு முகப்பு, அதன் மேலே பெரிய எழுத்தில் பாவ்லோவின் மகன் ஜொவான்னி ருச்செலாய், 1470 என்று லத்தீனில் இருக்கிறது. திருப்பணி செய்தவர் பெயரைக் கல்லில் வெட்டுவது நம் கோயில்களிலும் உண்டு, ஆனால் அங்கே ஊரே அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் ஒரு வியாபாரியின் பெயர்.

இந்த ஜொவான்னி பெண் எடுத்தது பல்லா ஸ்ட்ரோட்சி வீட்டில். 1427 வரிக்கணக்குப்படி ஊரிலேயே பெரிய பணக்காரர் பல்லாதான். 1433இல் மெடிச்சி குடும்பத் தலைவர் கோசிமோவை எதிரிகள் நாடு கடத்தினார்கள், அடுத்த ஆண்டே அவர் திரும்பி வந்து எதிரணியைத் துரத்தினார், அதில் பல்லாவும் போனார். பதுவா நகரத்திலேயே இருந்து 1462இல் இறந்தார், ஊர் மண்ணை மறுபடி மிதிக்கவில்லை. மருமகனை யாரும் துரத்தவில்லை, ஆனால் 1434 முதல் 1461 வரை 27 ஆண்டுகள் தன்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள் என்று ஜொவான்னியே தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார்.

சந்தேகம் என்றால் என்ன நஷ்டம்? ஃபுளோரன்ஸ் அப்போது குடியரசு. ஆட்சிக் குழுவுக்கு 2 மாதம்தான் பதவிக்காலம், தகுதியுள்ளவர் பெயர்களைப் பையில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். மெடிச்சிகள் அரசர்களும் இல்லை, பிரபுக்களும் இல்லை, வங்கிக்காரர்கள். ஆனால் எந்தப் பையில் யார் பெயர் விழ வேண்டும் என்று பார்ப்பவர்கள் அவர்களுடைய ஆட்கள். அவர்களோடு கொள்வினை கொடுப்பினை இருந்தால் பெயர் விழும், இல்லாவிட்டால் எவ்வளவு பணம் இருந்தும் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

அதனால்தான் 1461இல் ஜொவான்னியின் மகன் பெர்னார்தோவுக்கும் கோசிமோவின் பேத்தி நன்னினாவுக்கும் நிச்சயம் நடந்தது அவ்வளவு பெரிய விஷயம். அதற்கு அப்புறம் ஜொவான்னிக்குப் பதவிகள் வந்தன. கல்யாணம் 1466 ஜூனில். தேவாலயத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் வின்யா நுவோவா தெருவில் ருச்செலாய் மாளிகை இருக்கிறது, எதிரே ஒரு சின்ன முக்கோணத் திடல், அங்கேதான் மேடை கட்டி, மேலே துணி விரித்து விருந்து போட்டார்கள். மாளிகைச் சுவரில் ருச்செலாய்களின் சின்னமான காற்று நிறைந்த கப்பல் பாயும் மெடிச்சிகளின் சின்னமான வைர மோதிரமும் சேர்ந்தே செதுக்கப்பட்டிருக்கின்றன, தெருவில் போகிற வருகிற எல்லாரும் பார்க்கும்படி. நான் அங்கே வெகுநேரம் நின்றிருந்தேன், அந்த மோதிரம் வெறும் அலங்காரம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கே போய்விடுவேன்.

நன்னினாவின் அக்கா பியாங்காவை இன்னொரு வங்கிக்காரக் குடும்பமான பாட்சி வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். 1478இல் பாட்சிகள் சதி செய்து, இந்தச் சகோதரிகளின் தம்பி ஜூலியானோவை ஊரின் தலைமைத் தேவாலயத்துக்குள்ளேயே குத்திக் கொன்றார்கள். பதிலுக்குப் பாட்சி ஆண்கள் பலர் கொல்லப்பட்டபோது பியாங்காவின் கணவர் குலியெல்மோ உயிர் தப்பினார், மெடிச்சி மாப்பிள்ளை என்பதால்.

இந்த வீடுகளைக் கட்டிப்போட்ட பெண்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் மனசு கனக்கிறது. 1479இல் நன்னினா அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிள்ளைகளின் ஆசிரியரைக் கணவர் வெளியே அனுப்பிவிட்டார், இவரால் தடுக்க முடியவில்லை, தன் இஷ்டப்படி நடக்க விரும்புகிறவர் பெண்ணாகப் பிறக்கக் கூடாது என்கிறார். அப்போது ஊரையே ஆட்டிவைத்த லொரென்சோ மெடிச்சியின் கூடப்பிறந்த அக்கா சொல்வது இது!

மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே பழைய சான் பான்கிராசியோ தேவாலயம், இப்போது சிற்பி மரினோ மரினியின் அருங்காட்சியகம். ஜெருசலேமில் உள்ள இயேசுவின் கல்லறையின் மாதிரியில் ஜொவான்னி கட்டிய சின்னப் பளிங்குக் கல்லறை மண்டபம் அங்கே இருக்கிறது. 1467, கல்யாணத்துக்கு அடுத்த ஆண்டு.