செம்பராங்கல்லில் இறங்காத முளை

இந்த மார்கழியில் ஒரு சனி, ஞாயிறு எங்கள் சாரணியர் படை திருப்பத்தூர் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் முகாம் போட்டது. தோப்பை ஒட்டியே தைலமரக் காடு. காரைக்குடியிலிருந்து வேனில் போய் இறங்கியதும் முதல் வேலை கூடாரம் அடிப்பது. இந்தப் பக்கத்து மண்ணைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே கொஞ்சம் செம்மண், கீழே செம்பராங்கல். இரும்பு முளையைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் முளைதான் வளையும்.

மல்லிகை அணித் தலைவி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. முளை வளைந்ததுமே அடிப்பதை நிறுத்திவிட்டாள். வாளித் தண்ணீரை நான்கு மூலையிலும் ஊற்றி ஊறவிட்டுப் பார்த்தாள். இரண்டு மூலையில் முளை இறங்கியது. மற்ற இரண்டுக்கும் கயிற்றை நீட்டி முந்திரி மரத்தில் கிளவ் ஹிட்ச் போடச் சொன்னாள். சின்னவள் ஒருத்தி போட்ட முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. தலைவி அதை அவிழ்த்தாள். அவள் விரலைப் பிடித்து, கயிறு முதல் சுற்றின் மேல் குறுக்கே ஏறி, மறுபடி மரத்தைச் சுற்றி வந்து, தனக்கு அடியிலேயே நுழைவதைக் காட்டினாள். அப்புறம் சின்னவளே போட்டு, இழுத்துப் பார்த்து, இன்னொரு தரம் இழுத்தும் பார்த்தாள். அசையவில்லை. நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

முகாமில் பெரியவர்களுக்கு உள்ள பெரிய வேலையே இப்படித் தள்ளி நிற்பதுதான் என்பது என் உறுதியான எண்ணம். 1907 ஆகஸ்டில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தில் பிரவுன்சி தீவில் முதல் முகாம் நடத்தியபோதே பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பையன் பொறுப்பில் விட்டார். சீருடையும் பேட்ஜும் எனக்கும் பிடிக்கும். ஆனால் டீச்சரே கூடாரம் கட்டி, டீச்சரே சமைத்துப் போட்டு, பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினால் அதற்குச் சுற்றுலா என்றுதான் பெயர்.

நெருப்பு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. தைலமர இலையில் எண்ணெய் இருக்கிறது. காய்ந்த சருகில் ஒரு பொறி விழுந்தால் போதும். அதனால் அடுப்பு தோப்புப் பக்கம்தான். சுற்றிலும் பத்தடிக்குச் சருகைக் கூட்டித் தள்ளி, மணல் வாளியும் தண்ணீர்க் குடமும் பக்கத்தில் வைத்த பிறகே தீப்பெட்டி என் கையிலிருந்து போகும்.

செம்பருத்தி அணி பொறுக்கி வந்த விறகு பனியில் நனைந்திருந்தது. ஒரே புகை. சோறு அரைவேக்காட்டில் நின்றுவிட்டது. வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை எல்லாம் டின் டின்னாகக் கிடந்தன. அவற்றைத் தின்றே பசியாறியிருக்கலாம். அவர்கள் விடவில்லை. ஒருத்தி அடுத்த அணியிடம் ஓடிக் காய்ந்த விறகு கேட்டு வாங்கி வந்தாள். இன்னொருத்தி சோற்றில் வெந்நீர் தெளித்து, தட்டுப் போட்டு மூடி, அடுப்புக் கங்குகளை அள்ளித் தட்டின் மேல் வைத்தாள். இது அவள் அப்பத்தா கல்யாண வீட்டில் செய்து பார்த்ததாம். சாப்பிட மூன்று மணி ஆகிவிட்டது. “டீச்சர், எங்க சோத்தைக் கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்க” என்று தட்டோடு வந்தாள். ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். பதமாகவே வெந்திருந்தது.

இருட்டியதும் கிழக்கே ஓரியன் நட்சத்திரக் கூட்டம் ஏறியது. அதன் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் உதிக்கும் இடம் ஏறத்தாழ நேர் கிழக்கு. திசைகாட்டியை வைத்துச் சரிபார்த்தபோது பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தோப்புக் காவல்கார ஐயாவே எழுந்து வந்துவிட்டார். அவரையும் உட்காரவைத்துத்தான் கேம்ப் ஃபயர் நடந்தது.

ஞாயிறு காலை வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போனோம். நத்தைக்குத்தி நாரையைப் பைனாகுலரில் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, அலகு நடுவில் ஏன் மூடவில்லை என்பதைத்தான். வழவழப்பான நத்தையை நழுவவிடாமல் பிடிக்க அந்த இடைவெளி உதவுகிறது. சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்று சொன்னேன். “சின்னப் பிள்ளைங்க கூடவா டீச்சர்?” என்றாள் ஆறாம் வகுப்புக்காரி. ஆமாம், அவர்களும்தான். அதைச் செய்யச் சொல்லி ஊருக்கு வெளியே இருந்து யாரும் வந்து நிற்கத் தேவைப்படவில்லை.

அடுத்த முகாம் பிரான்மலை அடிவாரத்தில். பெற்றோர்களிடம் இரண்டு வேண்டுகோள். பலகாரம் கொடுத்தனுப்புங்கள், ஆனால் அணி முழுவதும் பகிர்ந்து சாப்பிடும் அளவுக்கு. மற்றது, ஞாயிறு மதியம் அழைத்துப் போக வரும்போது கூடாரத்தைப் பிரிக்க நீங்கள் கை கொடுக்க வேண்டாம். நேரம் ஆனாலும் பரவாயில்லை, அவர்களே மடித்து மூட்டை கட்டட்டும்.