தண்ணீரை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

கீழக்கரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். இந்தக் கடற்கரை ஓரத்தில் போர் போட்டால் பெரும்பாலும் உப்புத்தண்ணீர்தான், சோப்பு நுரைக்காது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் டேங்கருக்குக் காத்திருப்போம். அதனால் கை கழுவுவதைக் குறைத்து சானிடைசர் தடவிக்கொள்வது தானாக வந்துவிடுகிற பழக்கம். பல கிருமிகளுக்கு அது போதும், ஆனால் சி-டிஃப் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும், குடலில் பெருகிப் பேதியை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமிக்குப் போதவே போதாது.

அது ஸ்போர் என்ற கெட்டியான ஓட்டுக்குள் இருந்துகொண்டு, ஆல்கஹால் பட்டாலும் சாகாமல், கட்டில் கம்பியிலும் கமோடு கைப்பிடியிலும் மாதக்கணக்கில் கிடக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவித்தான் கையிலிருந்து அதை இறக்க முடியும். அதனால் பேதி கண்டவர் அறை வாசலில் குழாய் வைத்த ஒரு டிரம்மை, வேறு எதற்கும் தொடக் கூடாது என்று சொல்லி, நல்ல தண்ணீர் நிரப்பி வைக்கிறோம். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் துணி துவைப்பதைக்கூடத் தள்ளிப்போடலாம், இதைக் குறைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அவருக்குத் தனிக் கழிப்பறை, தொடுகிறவர்களுக்குக் கையுறை. கழற்றிய பிறகும் கை கழுவ வேண்டும். அறையைத் துடைக்க வெறும் பினாயில் உதவாது, குளோரின் கரைசலை அன்றன்றைக்குக் கலந்து, துடைத்த இடம் பத்து நிமிடமாவது ஈரமாக இருக்கும்படி விட வேண்டும்.

ஆனால் இந்தப் பேதியின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ஒருநாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணியாகப் போனால், "என்ன சாப்பிட்டீங்க அப்பத்தா" என்று கேட்பதோடு, "இந்த ரெண்டு மூணு மாசத்துல என்ன மாத்திரை போட்டீங்க" என்றும் கேட்போம். "நேத்து மீன் கொழம்பு ஒத்துக்கல ஆத்தா" என்பார்கள். பையைப் பார்த்தால் சளிக்கென்று மகன் மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்த ஆன்டிபயாடிக் பாதி அட்டை இருக்கும். அந்த மாத்திரை குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழித்துவிடும், காலியான இடத்தில் சி-டிஃப் பெருகி நஞ்சைக் கக்கும். இன்னொன்று, எரிச்சல் காய்ச்சல் எதுவும் இல்லாமல், மூத்திரம் நாறுகிறது என்பதற்காகவே டெஸ்ட் எடுத்து ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பது. வயதானவர்கள் பலருக்கு மூத்திரத்தில் கிருமி சும்மாவே இருக்கும், அதற்கெல்லாம் மருந்து வேண்டியதில்லை.

பேதியை நிறுத்தும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நாங்கள் தருவதில்லை, நஞ்சு உள்ளேயே தங்கிவிடலாம். உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே தொடங்கிவிடுவோம். சி-டிஃபுக்குத் தரும் வான்கோமைசின் என்ற மருந்தை வாய்வழியாகத்தான் தர வேண்டும், ஊசியில் ஏற்றினால் குடலுக்குப் போய்ச் சேராது. குணமான பிறகு "டெஸ்ட் நெகட்டிவ் வரட்டும்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பேதி நின்ற பிறகும் பல நாள் பாசிட்டிவ் காட்டக்கூடும், அதனால் திரும்ப எடுப்பதில்லை. ஆனால் ஆறு பேரில் ஒருவருக்கு அடுத்த சில வாரங்களில் திரும்ப வரும் என்பதால் கண் வைத்திருப்போம். அப்புறம் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நேர்ந்தால், அங்கே இன்னொரு ஆன்டிபயாடிக் எழுதுமுன் டாக்டர் கண்ணில் படட்டும் என்று, சீட்டின் தலைப்பிலேயே சி-டிஃப் வந்தவர் என்று எழுதிவிடுகிறோம்.