பாலை மரத்தில் தொடங்குங்கள்: தாவரவியல் படிக்கும் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு

'என்றும் பசுமையான காடு' என்று வினாத்தாளில் கண்டதும் நம் பிள்ளைகள் பலர் ஈர வலயத்துச் சிங்கராஜா மழைக்காட்டைத்தான் எழுதத் தொடங்குகிறார்கள். வானுயர்ந்த மரங்கள், அடுக்கடுக்கான விதானம், உதைப்பு வேர்கள், மழைநீர் வடியும் கூரிய இலை நுனி. இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது நம்மில் பெரும்பாலானோர் கால் வைக்காத காடு. பார்க்காததை எழுதினால் எல்லாருடைய விடைத்தாளும் ஒன்றுபோலவே இருக்கும். வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் இரண்டாவது கேள்விக்கே பேச்சு நின்றுவிடும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கிற நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு என்றும் பசுமையான காடு இருக்கிறது. உலர் வலயத்துக் காடு. வாகரைப் பக்கம் போனாலும் சரி, புல்லுமலை, பொத்துவில், லாகுகலைப் பக்கம் போனாலும் சரி, அதன் மரங்களைப் பார்க்கலாம். அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருடம் முழுக்க விடாமல் பாருங்கள். பட்டப்படிப்புக் காலத்தில் நான் அப்படிப் பார்த்தது பாலை மரத்தை. எனக்குத் தாவர வகைப்பாடு, உருவவியல், காட்டுச் சூழலியல் மூன்றும் புரிந்தது அந்த மரத்தடியில்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாலையைச் சொல்வதற்குக் காரணம், அதன் பழத்தை அறியாதவர் இங்கே குறைவு. பருவம் வந்தால் தெருவோரத்தில் குவித்து வைத்துச் சுண்டு என்ற சிறு அளவையால் அளந்து விற்பார்கள். மஞ்சளாக, விரல் நுனியளவில் இருக்கும். நாலு பழம் தின்றதும் உதடு ஒட்டத் தொடங்கும். அந்த ஒட்டும் பால்தான் சப்போட்டேசியேக் குடும்பத்தின் முதல் அடையாளம். இலையைக் காம்போடு கிள்ளிப் பாருங்கள், அங்கேயும் வெள்ளையாகப் பால் கசியும். இலுப்பையும் மகிழும் வீட்டு முற்றத்துச் சப்போட்டாவும் இதே குடும்பம். சப்போட்டா இன்னும் நெருக்கம், அது பாலையின் சாதியான (genus, நெருங்கிய இனங்களின் தொகுதி) மணில்காராவையே சேர்ந்தது. பாலைக் கன்றில் சப்போட்டாவை ஒட்டுகிறார்கள் என்றால் அந்த உறவுதான் காரணம்.

பழத்தைத் தின்றுவிட்டு வித்தை எறிந்துவிடாதீர்கள். கழுவித் துடைத்துக் கையில் வைத்துப் பாருங்கள். பளபளவென்ற செம்பழுப்பு நிறத்தில் இருக்கும், ஒரு பக்கமாக மட்டும் பளபளப்பில்லாத நீளமான தழும்பு ஓடும். அப்புறம் கோயில் வீதியில் மகிழம்பழம் ஒன்றைப் பொறுக்கி அதன் வித்தையும் பக்கத்தில் வையுங்கள். மகிழம் வித்தில் தழும்பு சிறியது, அடியில் மட்டும் இருக்கும். பாலையின் மணில்காரா, மகிழின் மிமுசொப்ஸ் என்ற இரண்டு சாதிகளையும் பிரிக்கிற பண்புகளில் இது ஒன்று. படத்தில் பார்த்தால் மறந்துவிடும், இரண்டு வித்துகளையும் ஒரே உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவனுக்கு மறக்காது.

இனி பூ. செய்முறைப் பரீட்சையில் புள்ளி கிடைப்பதும் போவதும் இங்கேதான். பூ சிறியது, வெளிர் நிறம், இலைக்கக்கங்களில் (இலை கிளையோடு சேரும் மூலையில்) வரும். மாரி ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கும் நாட்களிலிருந்து மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருங்கள். தேனீக்களின் இரைச்சல் கேட்டால் பூத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். விழுந்த பூ வேண்டாம், தாழ்ந்த கிளையில் அன்று விரிந்த பூவாக எடுங்கள். வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் தண்ணீர், இரண்டு ஊசி, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை. இவ்வளவும் போதும்.

முதலில் புல்லிகளை, அதாவது பூவின் வெளி உறை இதழ்களை, எண்ணுங்கள். ஆறு இருக்கும். ஆனால் 'புல்லிகள் ஆறு' என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். வெளிச்சுற்றில் மூன்று, உட்சுற்றில் மூன்று என்று எழுத வேண்டும். மகிழம்பூவில் அது நான்கும் நான்குமாக எட்டு. இலுப்பையில் இரண்டும் இரண்டுமாக நான்கு. இந்த ஒரு வரியைத் தெளிவாக எழுதத் தெரிந்தால் மூன்று சாதிகளும் பிரிந்துவிடும்.

அடுத்து அல்லி, அதாவது பூவிதழ். மேலோட்டமாக எண்ணினால் பதினெட்டு வரை வரும். பல பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுவார்கள். ஊசியால் ஒரு சோணையை (அல்லியின் ஒரு பிரிவை) மெதுவாக அடியோடு பிரித்துப் பாருங்கள். அதன் முதுகில் இரண்டு பக்கமும் சோணை போலவே இரண்டு தொங்கல்கள் ஒட்டிக்கொண்டு வரும். ஆக, உண்மையான அல்லிச் சோணைகள் ஆறுதான், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தொங்கல்கள். அந்தச் சோணையின் அடியில், அதற்கு நேரெதிரே ஒரு கேசரம் (மகரந்தம் தரும் ஆணுறுப்பு) இருக்கும். கேசரம் அல்லிக்கு எதிரே நிற்பதைப் பூ வரிப்படத்தில் சரியான இடத்தில் போட வேண்டும். சோணைகளுக்கு இடையில் மகரந்தக்கூடு இல்லாத மலட்டுக் கேசரங்கள் ஆறு. இலுப்பைப் பூவில் இந்தத் தொங்கல்களும் இல்லை, மலட்டுக் கேசரங்களும் இல்லை. அங்கே கேசரங்கள் பல.

சூலகம் மேலானது, அதாவது புல்லியும் அல்லியும் அதன் அடியிலிருந்து வரும். குறுக்கே வெட்டினால் பல அறைகள், அறைக்கு ஒரு சூல்வித்து. ஆனால் பழத்தில் பெரும்பாலும் ஒரே வித்துத்தான். 'மற்றச் சூல்வித்துகளுக்கு என்ன ஆனது?' என்று வைவாவில் கேட்கலாம். அவை வளராமல் ஒடுங்கிவிட்டன என்பது விடை. பிஞ்சு ஒன்றையும் முற்றிய காய் ஒன்றையும் வெட்டிப் பார்த்திருந்தால் அதைத் தயங்காமல் சொல்லலாம்.

விஞ்ஞானப் பெயரும் இந்தப் பூவோடு சேர்ந்ததுதான். பாலையின் பெயர் மணில்காரா எக்சாண்ட்ரா. பின்னால் அடைப்புக்குறிக்குள் ரொக்ஸ்பரோவின் பெயர் வரும், அதற்கு வெளியே டுபார்டின் பெயர். தமிழகத்துக்கு வடக்கே கோரமண்டல் கரையில் பணி செய்த வில்லியம் ரொக்ஸ்பரோ முதலில் இதை மிமுசொப்ஸ் சாதியில் வைத்துப் பெயரிட்டார். டுபார்ட் 1915இல் அதை மணில்காராவுக்கு மாற்றினார். இனப்பெயரை முதலில் இட்டவர் அடைப்புக்குள், சாதியை மாற்றியவர் வெளியே. பெயரிடல் விதியை வெறுமனே மனப்பாடம் செய்வதை விட, புல்லி மூன்றும் மூன்றுமா, நான்கும் நான்குமா என்று எண்ணிய கையோடு படித்தால் ஏன் மாற்றினார்கள் என்பதும் சேர்ந்து விளங்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இலை. பாலை இலை சிறியது, தடித்தது, தோல் போன்றது. கிளை நுனிகளில் நெருக்கமாக இருக்கும். நுனி மழுங்கி, நடுவில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்திருக்கும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் கூரிய, நீர் வடியும் நுனியோடு இதை ஒப்பிட்டு ஒரு சிறு படம் போட்டால் பரீட்சகருக்கு நீங்கள் இரண்டு காட்டையும் புரிந்துகொண்டது உடனே தெரியும். ஈர வலயத்தில் ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. உலர் வலயத்தில் 1750க்குக் கீழே, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான வாடை மழை. அதற்குப் பிறகு கச்சான் காற்று வீசும் மாதங்களில் வயல் வெடித்துக் கிடக்கும், குளம் வற்றும். அந்த வெயிலிலும் பாலை கரும்பச்சையாக நிற்கும்.

ஏன் நிற்கிறது என்பதற்கு 'தடித்த புறத்தோல் ஆவியுயிர்ப்பைக் குறைக்கிறது' என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். தடித்த இலையை உண்டாக்க மரம் நிறையப் பொருளைச் செலவிடுகிறது. அந்தச் செலவு திரும்பி வர வேண்டுமென்றால் இலை நீண்ட நாள் உழைக்க வேண்டும். அதனால் வருடாவருடம் எல்லா இலையையும் உதிர்ப்பது இந்த மரத்துக்குக் கட்டுப்படியாகாது. என்றும் பசுமை என்றால் இலை உதிராது என்று அர்த்தமில்லை. இலைகள் உதிரும், எல்லாம் ஒரே நேரத்தில் உதிராது. இதை நீங்களே பார்க்கலாம். எட்டும் உயரத்தில் சில கிளை நுனிகளில் நிற நூல் கட்டுங்கள். மாதம் ஒருமுறை போய் ஒவ்வொரு நுனியிலும் எத்தனை பழைய இலை, எத்தனை புதிய இலை என்று கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு முதிரை மரம் இருந்தால் இன்னும் நல்லது. முதிரை வரட்சியில் இலையை உதிர்த்துவிடும். ஒரே காட்டில், ஒரே வெயிலில் இரண்டு மரங்கள் இரண்டு வழியில் பிழைப்பதை உங்கள் சொந்தக் குறிப்பிலிருந்தே எழுதலாம்.

முதிரையைக் கண்டுபிடிப்பதும் எளிது. சிற்றிலையை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். எலுமிச்சையின் குடும்பமான உரூட்டேசியே அது. கருங்காலி, சாவண்டலை, வீரை எல்லாம் கூடவே நிற்கும். கருங்காலியின் குடும்பமும் பாலையின் குடும்பமும் இன்றைய வகைப்பாட்டில் எரிக்கேலிஸ் என்ற ஒரே வருணத்தில் (order, குடும்பங்களின் தொகுதி) இருக்கின்றன. ஆனால் கருங்காலியில் பால் இல்லை.

வீரையைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு பட்டிக்காரர். மாடு மேய்க்கும் இடத்தில் நின்ற இரண்டு வீரை மரங்களில் ஒன்று சிவக்கச் சிவக்கப் பழுத்திருந்தது, மற்றதில் ஒரு காய்கூட இல்லை.

"ஐயா, இந்த மரத்துக்கு என்ன நோயா?" என்று கேட்டேன்.

"நோய் இல்ல தம்பி. அது எந்த வருசமும் காய்க்காது. பூக்கும், கொட்டிரும். காய்க்கிறது வேற மரம், காய்க்காதது வேற மரம்."

வீரை ஈரில்லத் தாவரம், ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி மரத்தில் வரும் என்பதைத்தான் அவர் சொன்னார். காட்டோடு பழகும் இப்படிப்பட்டவர்களிடம் மரியாதையாகக் கேளுங்கள், கேட்டதைத் திகதியோடு எழுதி வையுங்கள். வீரையின் குடும்பத்தையும் கவனியுங்கள். பழைய குறிப்புகளில் யூபோர்பியேசியே என்றிருக்கும், இப்போது புத்ராஞ்சிவேசியே.

கட்டுரை வினாவுக்கு ஒரு விஷயம். அம்பாறையில் கல்லோயாத் தேசியப் பூங்காவை உதாரணம் காட்டும்போது அங்குள்ள சவன்னா நிலத்தையும் இந்தக் காட்டையும் கலந்துவிடாதீர்கள். கடுக்காய், தான்றி, நெல்லி புல்வெளியில் பரந்து நிற்பது சவன்னா. அங்கே விதானம் மூடியிருக்காது. விலங்குகளால் வித்துப் பரம்பலுக்குப் பாலையை விட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. பழக்காலத்தில் குமண, யால காடுகளில் கரடிகள் பாலை மரம் ஏறித் தின்னும். ஒகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் கடந்து போவதும் அந்தக் காடுகளைத்தான். வீட்டில் போய் வந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மாதிரி சேகரிக்க வனத்துக்குள் போக வேண்டாம். பாதுகாக்கப்பட்ட காட்டில் அனுமதியில்லாமல் ஒரு இலை பறிப்பதும் குற்றம், அதோடு யானை நடமாட்டம் வேறு. கோயில் வளவிலும் வீதியோரத்திலும் வயலோரத்திலும் நிற்கிற மரம் போதும். உரியவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பட்டையை வெட்டிப் பால் பார்க்கத் தேவையில்லை, ஓர் இலைக்காம்பு போதும். உலர்த்தும்போது தடித்த இலை என்பதால் முதல் சில நாள் பத்திரிகைத் தாளைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஓர் இலையையாவது திருப்பி, அடிப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். பூவைத் தனியாக ஒரு சிறு கடித உறையில் போட்டு அதே தாளில் ஒட்டிவிடுங்கள். உலர்ந்தால் மறைந்துபோகும் பூ நிறம், பால், மரத்தின் உயரம், பட்டையின் வெடிப்பு ஆகியவற்றை மரத்தடியில் நிற்கும்போதே சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.