ஆங்கோவின் புறாமாடம்

ஜூன் 11, தியெப் (பிரான்சில் நார்மண்டிக் கரைத் துறைமுகம்)

நல்ல மழை. சேன் ஜாக் தேவாலயத்துக்குள் ஒதுங்கினேன். உள்சுவரில் ஒரு சிற்ப வரிசை. இந்த ஊர் மாலுமிகள் தொலைதூரக் கரைகளில் கண்ட மனிதர்கள், தலையில் இறகு சூடிய பிரேசில்காரர்கள் உட்பட. அந்தக் கப்பல்களில் பலவற்றுக்கு முதலாளி ஜான் ஆங்கோ. 1520களின் தொடக்கத்தில், மெக்சிகோவிலிருந்து ஸ்பானியத் தளபதி கோர்தெஸ் ஸ்பெயினுக்கு அனுப்பிய அஸ்தெக் புதையலை வழிமறித்துப் பிடித்த ஜான் ஃப்ளூரி இவருடைய ஆள்தான். கொள்ளை என்று எழுதத்தான் கை வருகிறது.

நகரில் ஆங்கோவுக்கு மரவீடு ஒன்று இருந்தது. 1694இல் ஆங்கிலேய, டச்சுக் கப்பல்கள் குண்டு வீசியதில் அது எரிந்துபோனது. சில கிலோமீட்டர் தள்ளி, வாரன்ஜ்வில்லில் அவர் கட்டிய கோடை மாளிகை மிஞ்சியிருக்கிறது. நாளை அங்கே.

ஜூன் 12, வாரன்ஜ்வில்

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய பண்ணைவீடு, அவ்வளவுதான். வாசல் தாண்டி முற்றத்துக்குள் போனதும்தான் பணம் கண்ணில் படுகிறது. 1530க்கும் 1545க்கும் இடையில் எழுந்த கட்டடம். தெற்குப் பக்கம் இத்தாலிய பாணியில் வளைவுகள் கொண்ட திறந்த தாழ்வாரம். இந்தக் குளிரில் தாழ்வாரம் யாருக்கு? இத்தாலிப் போர்களிலிருந்து திரும்பிய பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிடித்திருந்த மோகம் அது. ஆனால் செங்குத்தான கூரை நார்மண்டியுடையதேதான்.

முற்றத்து நடுவில் வட்டமான புறாமாடம். நான் நகரவே இல்லை. செங்கல், மணற்கல், இந்தப் பகுதிச் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கும் கருஞ்சக்கிமுக்கிக்கல் மூன்றையும் கலந்து, பாய் பின்னியது போல வரிக்கு வரி வேறு கோலம். மேலே வெங்காயக் குவிமாடம். உள்ளே சுமார் 1,600 பொந்துகள். ஒரு ஜோடிக்கு ஒரு பொந்து.

ஜூன் 13

நேற்று ஒரு கேள்வி உறங்க விடவில்லை. புறாவுக்கு எதற்கு இத்தனை அலங்காரம்?

இறைச்சியும் எருவும் கிடைக்கும், சரி. ஆனால் அன்றைய நார்மண்டியில் இப்படிப்பட்ட மாடம் கட்டுவது நிலப்பிரபுவின் உரிமை, நினைத்தவரெல்லாம் கட்டிவிட முடியாது. பொந்துகளின் எண்ணிக்கையே ஒருவருடைய நிலத்தின் அளவைச் சொல்லிவிடும். வணிகர் வீட்டுப் பிள்ளையான ஆங்கோ, தானும் பிரபுதான் என்று செங்கல்லில் எழுதி முற்றத்து நடுவில் நிறுத்தியிருக்கிறார். வந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதானே!

புறாக்கள் மேய்ந்ததோ குடியானவர்களின் விதைப்பில். விரட்டலாம், கொல்லக்கூடாது. 1789 ஆகஸ்ட்டில், பிரெஞ்சுப் புரட்சியின்போது, பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தபோது புறாமாட உரிமையும் அந்தப் பட்டியலில் இருந்தது. எனக்கு இது வேடிக்கையாகத் தெரியவில்லை. விதைத்ததைக் கண்ணெதிரே தின்னும் பறவையைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசா?

ஆங்கோவுக்கு அந்த ஆட்டம் முன்பே முடிந்துவிட்டது. மன்னர் முதலாம் பிரான்சுவா 1547இல் இறந்ததும் அரண்மனை ஆதரவு போனது. கூட்டாளிகள் வழக்குப் போட்டார்கள். 1551இல் கடனாளியாகச் செத்தார். மாளிகை பிற்பாடு பண்ணையானது. 1862இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் சேர்த்தது.

கிளம்பும்முன் இன்னொரு முறை போய்ப் பார்த்தேன். குவிமாட உச்சியில் இரண்டு புறாக்கள். பக்கத்து வயலில் கோதுமை முற்றிக்கொண்டிருந்தது.